வெளியாள் திருத்தும் விடைத்தாள்

"என் பேப்பரை மட்டும் ஏன்ப்பா மேரி டீச்சர்கிட்ட குடுத்தீங்க?"

ஜெனி, நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் என்னிடம் இப்படிக் கேட்டாய். உன் பள்ளியிலேயே நான் அறிவியல் ஆசிரியர். உன் வகுப்புக்கும் நான்தான் பாடம் எடுத்தேன். மற்ற எல்லாருடைய விடைத்தாளையும் நானே திருத்திவிட்டு உன்னுடையதை மட்டும் பக்கத்து வகுப்பு மேரி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் கறாரானவர். இதயத்தின் படத்தில் பாகம் குறித்த கோடு பாகத்தைத் தொடவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நீ அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாய். "நீங்க திருத்தியிருந்தா இந்த மார்க் போயிருக்காது," என்றாய். "அதனாலதான் குடுத்தேன்," என்றேன். நீ விடவில்லை. "அப்போ நீங்க எனக்குச் சும்மா மார்க் போடுவீங்களா? போடமாட்டீங்கல்ல? அப்புறம் என்னவாம்?" உன் அம்மா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, "கேக்கறா இல்ல, சொல்லுங்க சார்," என்றாள். அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டால் நான் வசமாக மாட்டிக்கொண்டேன் என்று பொருள். போய்ப் படி என்று உன்னை விரட்டிவிட்டேன்.

அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதப் பார்க்கிறேன். நீ சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாய். வியாழக்கிழமை காலை உன்னைச் சிலர் கேள்வி கேட்கப் போகிறார்கள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கிழவன் எழுதுவதும் கிழிப்பதும் மாடிக்குப் போய் நடப்பதும் திரும்ப வந்து எழுதுவதுமாக இருக்கிறான். காலையில் அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன். "ஒண்ணு எழுதுங்க, இல்ல பாலைப் பாருங்க," என்று உன் அம்மா பேனாவையும் கண்ணாடியையும் என் கையில் திணித்துக் கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். உன்னைப்போல் காக்கி போட்ட பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. வியாழன் கழிந்த பிறகு, நீ சம்மதித்தால், அவர்களும் இதைப் படிக்கட்டும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நீ சங்கரா மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. அப்புறம் நீயாகவே சொன்னாய். நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்க்க இங்கே திருப்பி எழுதுகிறேன். ஒரகடத்துக்குப் போகும் ரோட்டில், விடிந்து வெயில் ஏறும் வேளையில், நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்களிலும் பைக்குகளிலும் மொத்தமாக வெளியே வரும் நேரத்தில், நீங்கள் வாகன சோதனைக்கு நின்றிருக்கிறீர்கள். அந்த வாரம் செயின் பறிப்பு நடந்திருந்ததால் கறுப்பு பைக்கில் தனியாக வருகிறவர்களை நிறுத்திப் பார்க்கச் சொல்லி உத்தரவு. ஏட்டு ஏகாம்பரம் நடுத்தடுப்பின் ஓரத்தில் நின்றார். நீ இந்தப் பக்கம் ஜீப்பை ஒட்டி நின்றாய். ஒரு கன்டெய்னர் லாரியின் மறைவிலிருந்து கறுப்பு பைக் ஒன்று வந்தது. ஏகாம்பரம் கை காட்டியது லாரிக்குப் பின்னால் தெரியாமல் போயிருக்க வேண்டும். விசில் ஊதினார். பைக் நிற்கவில்லை. மறுபடி ஊதினார். அது அவரைக் கடக்கும் நேரத்தில் லத்தியை வீசினார். அது ஓட்டியவரின் வலது மணிக்கட்டில் விழுந்து எலும்பை உடைத்தது. வண்டி சாய்ந்து தேய்த்துக்கொண்டே போனது.

நீ ஓடிப்போய் அவர் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினாய். பேர் என்ன என்று கேட்டாய், அவர் உன் முகத்தையே பார்த்தார். மறுபடி கேட்டாய். அவர் இடது கையைத் தூக்கிக் காதிலிருந்து ஒரு ஆரஞ்சு நிறப் பஞ்சுத் தக்கையை உருவினார். பிறகு இன்னொரு காதிலிருந்து. இரண்டும் ஒரே கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் தொங்கின. "எதுக்கு மேடம் அடிச்சாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அவர் பெயர் கோகுல், செய்யாறு பக்கத்து ஊர், இங்கே அறை எடுத்துத் தங்கி ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்கிறார். தகடுகளை அடித்து வளைக்கும் அந்தக் கூடத்தில் காதுக்கு இயர் பிளக் இல்லாமல் யாரும் நிற்க முடியாது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர் அதைக் கழற்ற மறந்து அதன்மேலேயே ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். லைசென்ஸ் இருந்தது, ஆர்.சி. இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது. விசில் அவர் காதில் விழவில்லை. அவர் தக்கையை உருவியதை அந்த ரோட்டில் பார்த்தது நீ ஒருத்திதான். ஏகாம்பரம் அப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஆட்டோவை மறிக்க ஓடியிருந்தார்.

முதல் விசாரணை உங்கள் ஆட்களுக்குள்ளேயே நடந்தது. உன்னிடம் ஒரே கேள்வி. "விசில் ஊதினாரா?" "ஊதினார் சார்." முடிந்தது. விசில் ஊதியும் நிற்காமல் தப்பிக்கப் பார்த்து நிலை தடுமாறி விழுந்தார் என்று அறிக்கை. அதில் லத்தி என்ற சொல்லே இல்லை என்றாய். கோகுலின் நண்பர்கள் ஒரு வக்கீலைப் பிடித்து வெளியே மனு போட்டதால், காவல்துறையைச் சேராதவர்கள், அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி, மறுபடி முதலிலிருந்து கேட்கப் போகிறார்கள். கோகுல் லத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். இயர் பிளக்கைப் பற்றி எழுதவில்லை. காதை அடைத்துக்கொண்டு வண்டி ஓட்டியது குற்றம் என்று தன்மேலேயே திருப்புவார்கள் என்று அவருக்குப் பயம். ஆகவே அவர் சொல்லப்போவதில்லை, ஏகாம்பரத்துக்குத் தெரியாது, கேட்பவர்களுக்கு அப்படி ஒன்று கேட்கவேண்டும் என்று தோன்றவும் வழியில்லை. "லத்தியைப் பத்திக் கேட்டா சொல்லிடுவேன்ப்பா. இத கேக்கலன்னா?" என்றாய்.

அதற்கு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காதத நீயா போய்ச் சொல்லாத. இன்னும் ப்ரொபேஷன்கூட முடியல." நீ தலையை ஆட்டிவிட்டுச் சோற்றை அள்ளி வாயில் வைத்தாய். சாயங்காலம் பஸ் ஏறும்போது, "எங்க இன்ஸ்பெக்டரும் இதயேதான்ப்பா சொன்னாரு," என்றாய். குத்திக்காட்டவில்லை. நிம்மதியாகத்தான் சொன்னாய். பஸ் போன பிறகு நான் அங்கேயே நின்றேன்.

முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நின்று நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. கேள்வியைப் படி, கேட்டதற்கு மட்டும் எழுது, தெரிந்ததையெல்லாம் கொட்டாதே. தேர்வுக்கு அது நல்ல அறிவுரை. தேர்வில் கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். உனக்குத் தெரியுமா என்றுதான் பார்க்கிறார். வியாழக்கிழமை உன் எதிரில் உட்காரப் போகிறவர்களுக்கு விடை தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் பழக்க தோஷத்தில் உனக்கு வாத்தியார் வேலை பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது உன் பழைய கேள்விக்கு வருகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது ஒன்றைச் சொன்னால்தான் அது விளங்கும். இதை உன்னிடம் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், தேவராஜ் என்ற மாணவன் ஒரு சாயங்காலம் கன்னம் வீங்கி வீட்டுக்குப் போனான். அறிவியல் சார் அடித்தார் என்று சொல்லியிருக்கிறான். நான் அவனைத் தொடவில்லை. அண்ணனின் பைக்கை எடுத்து ஓட்டி விழுந்தான் என்பது பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மறுநாள் அவன் அப்பா வந்தார், லாரி ஷெட்டில் வேலை பார்ப்பவர், கையெல்லாம் கிரீஸ். தலைமையாசிரியர் உடனே விசாரணை வைத்தார். கணக்கு வாத்தியார், தமிழ் ஐயா, பி.டி. மாஸ்டர் மூவரும் விசாரித்தார்கள். மூவரும் தினமும் என்னோடு சாப்பிடுகிறவர்கள். பத்து நிமிஷத்தில் நான் குற்றமற்றவன் என்று முடிவாகிவிட்டது. இதற்கு நடுவில் பியூன் எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். எனக்கும் கொடுத்தார். நானும் குடித்தேன். தேவராஜின் அப்பா வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னதும் அவர் சத்தம்கூடப் போடவில்லை. "உங்காளு உங்காள விசாரிச்சா இன்னா சார் வரும்? காபிதான் வரும்," என்று சொல்லிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்தார்.

ஜெனி, அந்த முடிவு சரியான முடிவு. நான் அடிக்கவில்லை. ஆனால் சரியான முடிவை எனக்குக் கொடுத்தார்களே தவிர, யாரும் நம்பக்கூடியதாகக் கொடுக்கவில்லை. வேறு பள்ளியிலிருந்து என்னைத் தெரியாத ஒருவர் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? பிள்ளைகளைக் கேட்டிருப்பார், அந்த பைக்கைப் போய்ப் பார்த்திருப்பார், என்னையும் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பார். எனக்கு அவமானமாக இருந்திருக்கும், அன்று ராத்திரி சோறு இறங்கியிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு வருஷக்கணக்காக பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டதும் அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாரே, அது நடந்திருக்காது. அவரைப் பொறுத்தவரை நான் அடித்துவிட்டுத் தப்பித்தவன். அவர் இறந்துபோனார். அந்தக் கணக்கு முடியவே இல்லை. இன்றைக்கும் சில சமயம் காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போது வாசலில் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது.

உன் விடைத்தாளை மேரி டீச்சரிடம் கொடுத்தது அதனால்தான். நான் திருத்தி உனக்கு நூற்றுக்கு எண்பது போட்டிருந்தால், அது நியாயமான எண்பதாகவே இருந்தாலும், பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எந்தப் பிள்ளை நம்பியிருக்கும்? நீயே நம்பியிருப்பாயா? இன்னொன்றும் உண்டு. கோடு பாகத்தைத் தொடவில்லை என்பது என் கண்ணில் பட்டிருக்காது. உனக்கு இதயத்தின் பாகங்கள் தெரியும் என்று எனக்குத் தெரியும், முந்தின நாள் ராத்திரி நீ ஒப்பித்ததைக் கேட்டவன் நான். தாளில் இல்லாததை என் மனசு போட்டு நிரப்பிக்கொண்டிருக்கும். மேரி டீச்சர் தாளில் இருந்ததை மட்டும் பார்த்தார்.

பொதுத் தேர்வு வந்தால் எங்களை எங்கள் பள்ளியில் மேற்பார்வைக்குப் போடமாட்டார்கள். வேறு ஊருக்கு அனுப்புவார்கள். எங்கள் பிள்ளைகளின் தாள்கள் பெயரும் எண்ணும் மறைத்து எங்கேயோ போகும், யாரோ திருத்துவார்கள். ஒரு ஆசிரியர்கூட, என்னைத் திருடன் என்று நினைக்கிறீர்களா என்று கோபித்துக்கொண்டதில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொள்வோம், அவ்வளவுதான். உங்கள் ஸ்டேஷனில் மட்டும் இதை ஏன் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். "ஏசி ரூம்ல உக்கார்றவங்களுக்கு ரோட்டப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று உன் இன்ஸ்பெக்டர் சொன்னதாகச் சொன்னாய். உண்மைதான், தெரியாது. ரோட்டைத் தெரிந்தவர்கள் போய்ச் சொன்னால் தெரியும். வெளியாள் என்றால் கடவுள் என்று நான் சொல்லமாட்டேன். வெளியே போன தாளில் என் மாணவர்களுக்கு ஒரு பக்கத்தையே திருத்தாமல் விட்டவர்கள் உண்டு, மறுகூட்டலுக்கு அலைந்திருக்கிறேன். இந்த விசாரணையும் இழுத்தடிக்கலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உள்ளே திருத்திய தாளின் கதி எனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. ரேஷன் கடைக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி நீ சொன்ன அந்த இடத்துக்குப் போனேன். திட்டாதே, யாரையும் தேடிப் போகவில்லை, ரோட்டைப் பார்க்கத்தான் போனேன். மத்தியான ஷிப்ட் மாறும் நேரம். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் நாலைந்து பேர் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நடு வயதுக்காரர் ஒருவரை எல்லாரும் பாபு அண்ணே என்றார்கள். பேச்சு இந்த விஷயம்தான்.

"உன் வண்டி கறுப்புதானேடா? போய் பெயின்ட் அடிச்சிக்கோ," என்றார் பாபு, பக்கத்தில் நின்றவனிடம்.

"அடிச்சா ஆர்.சி.ல வேற கலரு கீதுன்னு அதுக்கு ஒரு தபா நிப்பாட்டுவாங்க, போண்ணே."

"விசாரணை நடக்குதாமே?" என்றான் இன்னொருவன்.

"யாரு பண்றா? அவுங்கதானே? அவுங்க வூட்டுக் கல்யாணத்துக்கு அவுங்களே மொய் வெச்சி, அவுங்களே மைக்ல படிச்சிக்கிறாங்க."

"இல்லபா, இது வெளியாளுங்களாம். ஜட்ஜு ஒருத்தரு கீறாராம்."

பாபு டம்ளரை வைத்தார். "வெளியாளுக்கு இன்னா ஜோசியமா தெரியும்? உள்ள இருந்து எவனாச்சும் வாயத் தொறந்தாதானே? அந்த எஸ்.ஐ. பொண்ணு அங்கதான் நின்னுகினு இருந்துச்சாம். அது சொல்லுமா? மறுநாளு அதே ஜீப்புல குந்திகினு போவணுமே."

டீ ஆறிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பிரஸ் ஷாப்பில் காதுக்கு எதையோ போட்டுக்கொள்வார்களாமே, அது என்ன என்று தெரியாதவன்போல் கேட்டேன். பாபு சட்டைக்குள்ளிருந்து ஆரஞ்சுக் கயிற்றை இழுத்துக் காட்டினார். "இதான் சார். போட்டா உலகமே சைலன்ட். நான் பாதி நாளு கயட்டாமலே வூட்டுக்குப் பூட்றேன். பொண்டாட்டி கூப்பிட்டா கேக்காது. அதுக்கோசரமே கயட்டறதில்லன்னு சொல்றா." எல்லாரும் சிரித்தார்கள். கோகுல் செய்தது அதிசயமான தவறு ஒன்றும் இல்லை. அந்த ரோட்டில் போகிற பாதிப் பேர் ஏதாவது ஒருநாள் செய்வதுதான். எனக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். உறை பிரிக்காத ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு, "உங்களுக்கு எதுக்கு சார்? வூட்ல சண்டையா?" என்றார். ஆமாம்ப்பா என்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தக்கையை உருட்டிக் காதில் செருகி, உன் பழைய ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறிச் சத்தம் போய்விட்டது. தெருவில் போன டிராக்டர் பொம்மைபோல் போனது. திடீரென்று யாரோ தோளில் ஓங்கித் தட்டியதும் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால் உன் அம்மா நிற்கிறாள், முகமெல்லாம் கோபம். ஹெல்மெட்டைக் கழற்றினேன். "எத்தன வாட்டி கூப்புட்றது? ரேஷன் பையக் கேட்டா, வேணும்னே திரும்பாம உக்காந்திருக்கீங்க." என்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவளே நான் வேண்டுமென்று திரும்பவில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ஏகாம்பரத்துக்கு அந்தத் தம்பி யார்? தன் விசிலை மதிக்காமல் போகும் ஒரு முதுகு. நின்று யோசிக்க நேரமும் இல்லை.

இதை எழுதும்போதே ஒன்று என்னை உறுத்துகிறது. இயர் பிளக் இருந்ததால் கோகுல் நல்லவராகிவிட்டார், சரி. இல்லாமல் இருந்திருந்தால்? விசில் கேட்டு, லைசென்ஸ் இல்லாத பயத்தில் முறுக்கிக்கொண்டு ஓடியவராகவே இருந்திருந்தால்? அப்போது மணிக்கட்டை உடைப்பது சரியாகிவிடுமா? நம்பர் பிளேட் வண்டியோடுதான் ஓடும். அடுத்த வளைவில் கேமரா இருக்கிறது, உன் கையில் வயர்லெஸ் இருக்கிறது. ஓடும் பைக்கில் போகிறவர்மேல் லத்தி பட்டால் அவர் லாரிச் சக்கரத்துக்கு அடியிலும் போகலாம் என்பது அந்த ரோட்டில் நின்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே, அவர் காதில் விழவில்லை என்பதை நீ சொல்ல வேண்டும். அது உண்மை, அவர்மேல் எழுதிவைத்த பொய்யை அது ஒன்றுதான் அழிக்கும். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, பாவம், காது கேட்காதவரை அடித்துவிட்டோம் என்று அங்கேயே நிறுத்திவிடாதே. லத்தி எந்தக் கையில் இருந்தது, எவ்வளவு உயரத்தில் வந்தது, எங்கே பட்டது, எல்லாவற்றையும் சொல்.

ஏகாம்பரத்தைப் பற்றியும் சொல். அவர் கெட்டவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். அடித்த கையாலேயே தூக்கி ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் மத்தியானம் வரை தரையில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னாய். ஒருமுறை நிறுத்தப்போன பைக் மோதி அவருக்கு முட்டி பெயர்ந்து, இன்னும் நொண்டுகிறார் என்றும் சொன்னாய். விடியும் முன்பிருந்து தண்ணீர்கூட இல்லாமல் நின்றார், தடுப்புக் கட்டைகள் வேறு இடத்துக்குப் போயிருந்தன, நிறுத்தவேண்டிய வண்டி நிற்காவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் பழக்கிக் காட்டவில்லை. இதையெல்லாம் உள் விசாரணை கேட்காது. கேட்டால், அந்த இடத்தில், அந்த நேரத்தில், தடுப்பே இல்லாமல் நிற்கச் சொன்னது யார் என்று கேள்வி மேலதிகாரிகள் பக்கமே திரும்பும். அதனால், தானே விழுந்தான் என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்த மூடியின் அடியில் கோகுல் மட்டும் கிடக்கவில்லை, ஏகாம்பரமும் கிடக்கிறார். அடுத்த மாதம் அதே ரோட்டில், அதே லத்தியோடு, தடுப்பு இல்லாமல்தான் அவரை நிறுத்துவார்கள். அடுத்த கறுப்பு பைக் வரும்.

உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தூரத்தில் எங்காவது தூக்கிப் போடலாம். அதே ஜீப்பில் ஏறும்போது பேச்சு நின்றுபோகலாம். பாபு சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. நேற்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரேஷன் பொய்யையும் சேர்த்துத்தான். கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் புள்ளையோட அம்மா இப்போ அவனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருப்பா, இல்ல? வலது கைதானே?" என்றாள். காலையில் பால் பொங்கியதற்கு மட்டும் திட்டினாள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. இதை அனுப்பிய பிறகும் மாடியில்தான் நடந்துகொண்டிருப்பேன். உன் அப்பனாக இருப்பதால் இந்த விஷயத்தில் நானும் உள்ளாள்தான், என் திருத்தலையும் நீ அப்படியே நம்பவேண்டாம். நீயே செய்து பார்.

இந்த உறைக்குள் பாபு கொடுத்த இயர் பிளக் இருக்கிறது. புதன்கிழமை டூட்டி முடிந்ததும் ஏகாம்பரத்தை ஸ்டேஷன் பின்பக்க ரோட்டோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. இதை அவர் காதில் போடச் சொல், மேலே ஹெல்மெட்டை மாட்டச் சொல், சாலையில் வண்டிகள் ஓடும் பக்கமாக அவரைத் திருப்பி நிற்கவை. நீ அவருக்குப் பின்னால் ஒரு லாரி நீளம் தள்ளிப் போய் நில். அவருடைய விசிலை வாங்கி, முழு மூச்சையும் பிடித்து, இரண்டு முறை ஊது. அவர் திரும்புகிறாரா என்று பார்.